வேர் குடிக்காத நாலு போத்தல்

இதை ராத்திரியில் வாசிக்கலாம் என்று எடுத்து வைக்க வேண்டாம். பகலிலேயே வாசியுங்கள். நடந்ததும் பகலில்தான். வெள்ளிக்கிழமை, நட்டநடு மத்தியானம், ஊர் முழுக்க ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரம். பேய்க்கும் இருட்டுக்கும் முடிச்சுப் போட்டது யாரென்று தெரியாது. பளீலிடம் அப்படி யாராவது சொன்னால் சிரிப்பான். சிரித்துக்கொண்டே வலது கை மணிக்கட்டைத் தடவுவான்.

நம்பாதவர்கள் மருதமுனைக்குப் போய் ஷரிபுதீனின் தறிவீடு எதுவென்று கேட்கலாம். பளீல் அங்கேதான் இருக்கிறான். பொய் சொல்லுகிற ஆள் இல்லை. 

சொந்த ஊர் சாய்ந்தமருது. படிப்பைக் கடைசிச் சோதனைக்கு முன்னாலேயே விட்டான். கல்லோயா அணைக்கட்டு வேலையில் இராக் காவலுக்குச் சேர்ந்து, ஒரு மாரி முழுக்கத் தூக்கமில்லாமல் நின்று, ஒரு விடியற்காலையில் விளக்கை நிலத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டான். பிறகு கல்முனையில் ஒரு சீமெந்துக் கடை. அதுவும் சரிவரவில்லை. அதற்குள் கலியாணம் ஆகிவிட்டது. ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஜெமீலாவின் வாப்பா ஷரிபுதீனுக்கு நாலு குழித்தறி. தரையில் இடுப்பளவுக்குப் பள்ளம் வெட்டி, அதற்குள் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து நெய்கிற தறி. காலை இறக்கினால் மதியம்தான் எழும்பலாம். மதியம் இறக்கினால் அந்தி மஃரிபுத் தொழுகைக்கு.

"மருமகனுக்கு ஒரு வேலையும் ஒத்து வருகுதில்ல" என்று ஷரிபுதீன் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பிப்பார். "குழியில காலப் போட்டா எல்லாம் ஒத்து வரும்."

பளீலுக்கு அந்தப் பள்ளங்களைப் பார்த்தாலே மூச்சு முட்டும். காரணம் கேட்டால் அவனுக்கே தெரியாது. எப்படியாவது அதற்குள் காலை வைக்காமல் தப்ப வேண்டும். அதற்காகத்தான், 1954 கடைசியில், காட்டு வேலை ஒன்று கிடைத்ததும் ஓடிப்போய்ச் சேர்ந்தான். இதையும் விட்டால் அடுத்தது பள்ளம்தான் என்று மாமனார் முகத்துக்கு நேரே சொல்லித்தான் அனுப்பினார்.

வேலை கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். காட்டு மரத்தின் வேர் மண்ணிலிருந்து எவ்வளவு சத்தை உறிஞ்சுகிறது என்று அளப்பது. இறக்காமத்துக்கு அப்பால், கல்லோயாத் திட்டத்துக்காக வெட்டி முடிக்காத காடு கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை அழித்துக் கரும்பும் நெல்லும் போடுவதற்கு முன்னால், முற்றிய மரங்கள் அந்த மண்ணில் என்னத்தைத் தின்று வளர்ந்தன என்று கந்தோர் அதிகாரிகளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கன்று என்றால் பிடுங்கிச் சட்டியில் வைத்துப் பார்க்கலாம். நாற்பதடி மரத்தை எந்தச் சட்டியில் வைப்பது? ஆகவே மரத்தை நின்ற இடத்தில் விட்டுவிட்டு, பக்கத்தில் குழி வெட்டுவார்கள். ஒரு வேர்கூட அறாமல் மண்ணைக் கையால் விலக்கி, மயிர்போன்ற நுனிவேர்களைக் கழுவி எடுப்பார்கள். உரத்தைக் கரைத்த தண்ணீர் ஒரு போத்தலில் இருக்கும். வேரின் நுனியை அதற்குள் விட்டு, வாயைப் பஞ்சாலும் மெழுகாலும் அடைத்து, வெளிச்சம் படாமல் கறுப்புத் துணி சுற்றிவிடுவார்கள். மரம் பகலில்தான் குடிக்கும். வெயில் ஏற ஏற, போத்தலில் கீறிய கோட்டிலிருந்து தண்ணீர் இறங்கும். எவ்வளவு இறங்கியது என்று பளீல் பார்த்துச் சொல்ல வேண்டும். மிச்சத் தண்ணீரில் எந்தச் சத்து குறைந்திருக்கிறது என்று கொழும்பில் சோதிப்பார்கள்.

வீரை குடித்தது. பாலை குடித்தது. முதிரை மெல்ல மெல்லக் குடித்தது. கடைசியாக இரண்டு ஒதிய மரங்கள்.

அவை மற்ற மரங்களிலிருந்து தள்ளி, ஒரு மேட்டில், ஒன்றுக்கொன்று எதிராக நின்றன. ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. இரண்டும் ஒரே பருமன். நடுவில் ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற இடம் இருந்தது. அந்த நடுவிலேயே வெட்டினால் ஒரே குழியில் இரண்டு மரத்தின் வேரையும் பிடிக்கலாம் என்று மேலதிகாரி இராசநாயகம் கணக்குப் போட்டார். யாழ்ப்பாணத்தவர். வேலையில் கெட்டி, வாயில் கடுப்பு.

குழி வெட்டியவன் ஸலாஹுதீன். வரிப்பத்தான்சேனைக்காரன். பளீலின் வயதுதான். மற்ற இடங்களில் மம்பட்டி பட்டால் நெருப்புப் பறக்கிற கிரவல் மண். இங்கே அப்படி இல்லை.

"மச்சான், இஞ்ச பாரு. சோறு மாதிரி இரிக்கி. ஒரு கல்லுக் கிடையாது" என்று அவன் மண்ணைக் கையால் அள்ளிக் காட்டினான். "இத ஆரோ முன்னமே ஒருக்கா வெட்டி மூடியிரிக்கான்."

"புதையலா இரிக்கும். நமக்கு அதிர்ஷ்டம்."

"உனக்கா? உன்ட மூஞ்சிக்குப் புதையல் வாறதெண்டா மறுகா நான் ஹஜ்ஜுக்குப் போவன்."

நெஞ்சளவு ஆழம் போனதும் ஸலாஹுதீன் வெட்டுவதை நிறுத்தினான். அடியில் மண் தெரியவில்லை. வேர்தான் தெரிந்தது. இரண்டு மரத்திலிருந்தும் வந்த சிறுவேர்கள் ஒன்றோடொன்று பின்னி, பாய் விரித்ததுபோலக் கிடந்தன. சுற்றிலும் வேறெங்கும் போகாமல் அந்த ஒரு பட்டையில் மட்டும். வடக்கே கொஞ்சம் உருண்டை. பிறகு அகலம். தெற்கே போகப்போக ஒடுக்கம்.

ஸலாஹுதீன் அதைப் பார்த்தான். மம்பட்டியைக் குழியிலேயே போட்டுவிட்டு மேலே ஏறிவிட்டான். 

மரங்களின் வெளிப்பக்க வேர்களில் நாலு போத்தல் வைத்தார்கள். குழிக்குள், மேற்குச் சுவரின் அடியில் சிறு பொந்துகள் குடைந்து, நடுவில் இருந்த வேர்களுக்கு நாலு போத்தல்.

வெளிப்பக்கப் போத்தல்களில் தண்ணீர் இறங்கியது. முறைப்படி.

நடுவில் இருந்த நாலிலும் தண்ணீர் ஏறியது.

முதல் நாள் பளீல் தன் கண்ணில்தான் பிழை என்று நினைத்தான். இரண்டாம் நாளும் ஏறியது. தெளிந்த தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர்போல வெளுத்துப் போயிருந்தது. மூன்றாம் நாள், வியாழக்கிழமை, இராசநாயகம் தானே குழிக்குள் இறங்கிப் பார்த்தார். முகம் சிவந்து ஏறி வந்தார்.

"ஆர் தண்ணி ஊத்தினது?"

"ஒருத்தரும் ஊத்தல்ல ஐயா."

"அப்ப வேர் துப்பினதோ?"

"ராவைக்கு மழை பேஞ்ச ஐயா..." என்று ஸலாஹுதீன் இழுத்தான்.

"மெழுகு அடைச்ச போத்தலுக்குள்ள மழை பெய்யுமோடா?" பிறகு பளீலைப் பார்த்தார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. எல்லாரும் தொழப் போவினம். நீர் போகாதையும். குழிக்குள்ள இரும். ஒருத்தன் கிட்டவும் வரக்கூடாது. போத்தலை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா வாசியும்."

"ஜும்ஆ ஐயா..."

"அது உம்மட பாடு. திங்கட்கிழமை உமக்கு வேலை வேணுமோ வேண்டாமோ, அதுவும் உம்மட பாடுதான்."

பளீலின் கண்ணுக்குள் தறிப்பள்ளம் வந்து நின்றது. தலையை ஆட்டினான்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு லொறி புறப்பட்டது. கூலியாட்கள் எல்லாரும் குளித்து, வெள்ளைத் தொப்பி போட்டு ஏறியிருந்தார்கள். இராசநாயகம் அம்பாறைக் கந்தோருக்குப் போக முன்னாசனத்தில் இருந்தார். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பளீலிடம் கொடுத்தார். ஸலாஹுதீன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

"உனக்கும் சேத்து ஓதிட்டு வாறன் மச்சான்."

"எனக்கென்னத்துக்கு ஓதுற? நான் என்ன மவுத்தாகிக் குழிக்குள்ளயா கிடக்கன்?"

லொறியில் சிரிப்பு. பிறகு புழுதிகூட எழவில்லை, மண் ஈரம். சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. அதுவும் நின்றது.

பளீல் குழிக்குள் இறங்கினான். வெயில் நேராக அடித்தது. கடிகாரத்தை ஒரு வேரில் மாட்டினான். பயம் ஒன்றும் இல்லை. எரிச்சல்தான் இருந்தது. ஜும்ஆ தவறுகிற எரிச்சல். யாழ்ப்பாணத்தானிடம் பேச்சு வாங்கிய எரிச்சல்.

போத்தல்கள் பொந்துக்குள் அடியில் இருந்தன. அவற்றின் முன்னால் கைப்பருமனில் ஒரு வேர் குறுக்கே ஓடியது. குனிந்து பார்த்தால் கோடு தெரியாது. முழங்காலில் நின்றாலும் தெரியாது. படுக்க வேண்டும். வேர்ப்பாயின் மேல் ஒருக்களித்துப் படுத்து, வலது கையை வேருக்கடியால் நுழைத்து, போத்தலை நிமிர்த்திப் பிடித்து, இடது கையால் துணியை விலக்க வேண்டும்.

படுத்தான். பன்னிரண்டே கால். தண்ணீர் கோட்டில் நின்றது.

எழும்பி இருந்தான். பன்னிரண்டரைக்கு மறுபடி படுத்தான்.

கோட்டுக்கு மேலே ஒரு விரல்.

கண்ணுக்கு முன்னாலேயே ஏறியது. வேரின் நுனியிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் இறங்கித் தண்ணீரில் கரைந்தது. பால்போல. பிறகு இன்னொன்று... வேர் குடிக்கவில்லை. திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

சரி, கண்டாயிற்று. இனி எவனும் தன்னைக் குற்றம் சொல்ல முடியாது. பளீலுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கையை வெளியே இழுத்தான்.

வரவில்லை.

மணிக்கட்டில் வேர் இறுகியிருந்தது. நுழைத்தபோது தாராளமாகப் போன கை. திருப்பிப் பார்த்தான். நெளித்துப் பார்த்தான். போத்தலை விட்டுவிட்டு விரல்களைக் குவித்து இழுத்தான். தோல் உரிந்ததுதான் மிச்சம்.

காலை மடக்கி உந்தலாம் என்று பார்த்தான். தெற்குப் பக்கத்தில் ஒரு கால் எதற்குள்ளோ செருகிக்கொண்டிருந்தது. எப்போது செருகியதென்று தெரியவில்லை.

சத்தம் போட்டுப் பயனில்லை. இரண்டு மணிக்கு லொறி வரும். அதுவரை கிடக்க வேண்டியதுதான். தலையைக் கீழே சாய்த்தான். வலது கன்னம் மண்ணில் பட்டது. மண் குளிர்ந்திருந்தது. எதிரே, மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில், மேற்குச் சுவர்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

தலை வடக்கே. கால் தெற்கே. வலது பக்கம் ஒருக்களித்து, கன்னம் மண்ணில் பட, முகம் மேற்கே. தொழுகிற திசையான கிப்லாவைப் பார்த்து.

தன் வாப்பாவை அடக்கியபோதும் இப்படித்தான் வைத்தார்கள். பளீல்தான் உள்ளே இறங்கிக் கன்னத்தை மண்ணில் சாய்த்தவன்.

தலைமாட்டில் ஒரு மரம். கால்மாட்டில் ஒரு மரம்.

"பிஸ்மில்லாஹ்..." என்று ஓதத் தொடங்கினான். நாக்குத் தடித்திருந்தது. சொல் குழறியது.

மேலே காலடிச் சத்தம்.

செருப்பில்லாத கால்கள். ஒன்றல்ல, இரண்டு மூன்று பேர். ஈர மண்ணில் சதக் சதக்கென்று வந்து குழியின் ஓரத்தில் நின்றன.

லொறி வந்துவிட்டதா? லொறிச் சத்தம் கேட்கவில்லையே.

"ஸலாஹுதீன்!"



திரும்பிப் பார்க்க முடியாது. கை விடாது. கண்ணுக்குத் தெரிவது மேற்குச் சுவர் மட்டும்.

இடுப்பில் ஏதோ விழுந்தது. மண். ஒரு பிடி.

"டேய், விளையாடாத. கை மாட்டிட்டு. இறங்கி வா."

இன்னொரு பிடி.

இன்னொரு பிடி.

நின்றது. யாரோ நகர்ந்தார்கள். வேறொரு கால் முன்னே வந்தது. மறுபடி ஒரு பிடி... ஒரு பிடி... ஒரு பிடி...

மூன்றாவது ஆள். அவனும் மூன்று பிடி.

பளீலுக்குத் தெரியும். எல்லா முஸ்லிமுக்கும் தெரியும். எந்தக் குழிக்கு ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவார்கள் என்று.

கத்தினான். கத்தியதாக நினைத்தான். வாய் திறக்கவில்லை. உதடு அசையவில்லை. இமை தானாக இறங்கியது. தூக்கிப் பார்த்தான், தூக்க முடியவில்லை. இடது கை எதற்கும் கட்டுப்படாமல் விலாவில் கிடந்தது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்றுகூடத் தெரியவில்லை.

காது மட்டும் கேட்டது.

மிக நன்றாகக் கேட்டது.

மம்பட்டி மண்ணில் இறங்குகிற சத்தம். கறக்... பிறகு தொம். கறக்... தொம். காலில் பாரம். இடுப்பில் பாரம். இமைக்கு வெளியே இருந்த சிவந்த வெயில் கறுத்துக்கொண்டே வந்தது. தோளில் பாரம். காதுமேல் பாரம்.

பிறகு சத்தம் தூரத்தில் போனது. பலகைக்கு அந்தப்பக்கம் கேட்பதுபோல.

தலைமாட்டில் எதையோ அடித்து இறக்கினார்கள். டக். டக். டக்.

கால்மாட்டில். டக். டக். டக்.

யாரோ தொண்டையைக் கனைத்தான். அரபியில் ஓதினான். பள்ளிவாசல் லெப்பையின் ஓதல் இல்லை. தட்டுத்தடுமாறி ஓதுகிறவன். தல்கீன். அடக்கிய பிறகு மய்யித்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்கிறது. தாயின் பேரோடு சேர்த்துக் கூப்பிடுவார்கள்.

அவன் கூப்பிட்டான்.

"பாத்தும்மாட மகன் மீராசாஹிபே..."

பளீலின் நெஞ்சுக்குள் ஒருவன் பேசினான்.

வாய் வழியாக இல்லை. உள்ளே. பளீலின் குரலும் இல்லை. கரகரத்த குரல். மூத்தவரைக் காக்கா என்று கூப்பிடுகிற குரல்.

"அது என்ட உம்மா இல்ல, பக்கீர் காக்கா."

மேலே ஓதல் நின்றது.

மழை தூறுகிற சத்தம்.

"சல்மா உம்மாட மகன் மீராசாஹிபே..."

"ஓம். அதுதான் என்ட உம்மா. காக்கா... எனக்குக் கேக்குது காக்கா."

ஓதல் தொடர்ந்தது.

"கேக்குது காக்கா. எல்லாம் கேக்குது. மண்ணை எடுங்க."

ஓதல் முடிந்தது.

"பக்கீர் காக்கா..."

கால்கள் திரும்பின. சதக். சதக். சதக்.

ஒருவன்.

இரண்டாமவன்.

மூன்றாமவன் கொஞ்சம் நின்றான்.

பிறகு அவனும்.

"காக்கா..."

மழை.

"காக்கா..."

"காக்கா..."

...

"பளீல்! டேய் பளீல்! எழும்புடா!"

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். வெயில் கண்ணில் குத்தியது. ஸலாஹுதீன். தலையில் தொப்பி, முகம் வெளிறிப்போய்க் கிடந்தது.

"கை... கை மாட்டிட்டு..."

"எங்க மாட்டின?"

ஸலாஹுதீன் கையைத் தொட்டான். வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. வேருக்கடியில் இரண்டு கை போகிற இடைவெளி இருந்தது. காலும் அப்படித்தான், வெறும் நிலத்தில் நீட்டிக் கிடந்தது.

குழிக்குள் புதிதாக ஒரு பிடி மண் இல்லை. சாரனில் இல்லை. சட்டையில் இல்லை. மழை பெய்த அடையாளம் ஓர் இலையிலும் இல்லை. கடிகாரம் இரண்டேகாலைக் காட்டி ஓடிக்கொண்டிருந்தது.

பளீல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சொல்லுக்கு முன்னால் மண் வந்தது. துப்பினான். மறுபடி வந்தது. தொண்டைவரைக்கும் மண். குடிக்கக் கொண்டுவந்திருந்த தண்ணீர் முழுவதையும் கொப்பளித்தும் தீரவில்லை.

நாலு போத்தலும் மெழுகைத் தள்ளிக்கொண்டு நிரம்பி வழிந்தன.

அந்தத் தண்ணீர் கொழும்புக்குப் போய் மூன்று வாரத்தில் பதில் வந்தது. ஊற்றியதைப் போலப் பல மடங்கு பொசுபரசும் சுண்ணாம்பும் இருக்கிறதாம். எலும்பை அரைத்துக் கரைத்தாலொழிய இப்படி வராது, யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்களாம். ஸலாஹுதீன் வந்து சொன்னான். இராசநாயகம் அந்த இரண்டு மரங்களையும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார். பளீல் மேல் குற்றமில்லை, வரச் சொல் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்.

பளீல் போகவில்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு நாள்கூடப் போகவில்லை.

ஷரிபுதீனுக்கு இவ்வளவு போதும். "மரமும் ஒத்து வரல்லயாம்" என்றார். தறிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். பளீல் பள்ளத்தைப் பார்த்தான், நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து நூல் சுற்றத் தொடங்கினான். அது பெண்கள் செய்கிற வேலை.  ராத்திரியில் அவன் வலது பக்கம் திரும்பினால் ஜெமீலா எழுப்பிவிடுவாள். 

எட்டு மாதம் போனது. ஒரு பகல், விறகு வண்டிக்காரர் ஒருவர் தறிவீட்டுக்குச் சாரன் வாங்க வந்தார். கல்முனைக்குடி ஆள். அறுபதை நெருங்கிய வயது, சிரித்த முகம். தேத்தண்ணி கொடுத்தார்கள். சாரனை விரித்துப் பார்த்துக்கொண்டே, பள்ளத்துக்கு வெளியே உட்கார்ந்து நூல் சுற்றுகிற ஆம்பிளையையும் பார்த்தார்.

"இவர் ஆர்?"

"மருமகன்" என்றார் ஷரிபுதீன். "காட்டில மரத்துக்குப் போத்தல்ல பால் குடுத்தவர். மரம் குடிக்கல்ல எண்டு கோவிச்சுக்கிட்டு வந்திட்டார்."

"எந்தக் காடு தம்பி? எனக்குத் தெரியாத காடில்ல. வாலிபத்தில எல்லாம் மரம் வெட்டித் திரிஞ்சவன்."

"இறக்காமத்துக்கு அங்கால" என்றான் பளீல், தலையைத் தூக்காமல். "ஒரு மேட்டில ரெண்டு ஒதிய மரம்."

அவர் சாரனைக் கீழே வைத்தார்.

"எதிரெதிரா நிக்கிதா? வடக்கும் தெற்கும்?"

"ஓம்."

"அல்லாஹ்வே... அது நாங்க நட்டது தம்பி! மரமெண்டு நடல்ல. அடக்கின இடத்துக்கு அடையாளமா, மீசான் கட்டையா நட்டது." அவர் சுருக்கமாகச் சொல்லவில்லை. காட்டுக் கதை சொல்லுகிற உற்சாகத்தில் சொன்னார். முப்பது வருஷமாகிறது. நாலு பேர் மரம் வெட்டப் போனார்கள். விடியப்புறம் ஒருவனைக் கட்டுவிரியன் தீண்டிவிட்டது. "நோவெண்டு ஒண்டுமில்ல அவனுக்கு. கண் மூடிட்டு வந்த. நாக்குத் தடிச்சுப் போச்சு. மறுகா மூச்சும் இல்ல. கையெல்லாம் குளிந்து போச்சு. ஆறு பெருகிக் கிடக்கு, ஊருக்குக் கொண்டு போக வழியில்ல. நாங்களே தொழுது அடக்கினம். மீசானுக்கு ஒண்டுமில்லாம, வேலிக்குப் போடுற ஒதியங்கதியால் ரெண்ட வெட்டி அடிச்சிட்டு வந்தம். பச்சைக் கதியால் எண்டு ஒருத்தனுக்கும் ரோசன வரல்ல. அது வளந்து மரமாப் போச்சா! பாரேன்!"

பளீலின் கையில் நூல் நின்றது.

"உங்கட பேரென்ன காக்கா?"

"பக்கீர் முகைதீன்."

ஷரிபுதீன் சிரித்தார். "அந்தக் காட்டுக்குள்ள லெப்பைக்கு எங்க போன? தல்கீன் ஆர் ஓதின?"

"நான்தான். அது ஒரு பகிடி, கேளுங்க." அவரும் சிரித்தார். "பயத்தில எனக்கு வாய் குழறிட்டு. அவன்ட உம்மாட பேரச் சொல்லாம என்ட உம்மாட பேரச் சொல்லிட்டன். பாத்தும்மாட மகன் எண்டு."

தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சடக். சடக்.

"மறுகா திருத்தி ஓதினன். எனக்காகத் தெரியல்ல, ஆரோ சொல்லித்தான் திருத்தினன். 'அது என்ட உம்மா இல்ல' எண்டு கிட்டத்தில ஒருத்தன் சொன்ன மாதிரி. கூட நிண்ட ரெண்டு பேரில ஒருத்தன்தான் பகிடிக்குச் சொல்லுறானெண்டு நினைச்சன். வழியில கேட்டன். ரெண்டு பேரும் வாயே திறக்கல்லயாம்." தேத்தண்ணிக் கோப்பையைக் காலி செய்தார். "அவங்களும் மவுத்தாகிட்டாங்க. ஆர் சொன்னதெண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கல்ல."

பிறகு பளீலைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, முகம் ஒரு மாதிரி ஆகிட்டு?"

"ஒண்டுமில்ல காக்கா" என்றான் பளீல்.